எப்படிப் பொருள் கொள்வீர்கள் என்று கேளுங்கள்: நீதித்துறைப் பணி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்க நீதித்துறைப் பணி ஆணையத்தின் தலைவராக விளங்கும் மாண்புமிகு தலைமை நீதிபதி அம்மையார் அவர்களுக்கும், ஆணையத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரசமைப்பு நீதிமன்றத்தில் இடம் காலியாகும்போதெல்லாம், விண்ணப்பித்தவர்களைப் பொதுமக்கள் காணும்படி நீங்கள் நேர்காணல் செய்து, காலியிடங்களைவிட மூன்று பெயர்கள் கூடுதலாக உள்ள பட்டியல் ஒன்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்புகிறீர்கள். அதிலிருந்து அமர்த்தப்படுகிறவர் பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வரை நாட்டின் உச்ச சட்டத்துக்கு இறுதிப் பொருள் சொல்லும் பதினொருவரில் ஒருவராகிறார். அந்த நேர்காணல்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். விண்ணப்பதாரரின் நேர்மை, உழைப்பு, நிலுவையில் வைத்த தீர்ப்புகள், பழைய அரசியல் தொடர்புகள் ஆகியவை பற்றியெல்லாம் நீங்கள் கேட்கிறீர்கள். அவை கேட்கப்பட வேண்டியவையே. ஆனால் அவருடைய வேலையின் உட்பொருளான ஒரு கேள்விக்கு, நான் பார்த்தவரை, உரிய நேரம் கிடைப்பதில்லை: எழுதப்பட்ட சட்டத்தை நீங்கள் எப்படி வாசிப்பீர்கள், சொல் ஒரு பக்கமும் நீதி இன்னொரு பக்கமும் இழுக்கும்போது எந்த நெறியின்படி பொருள் கொள்வீர்கள் என்னும் கேள்விக்கு. அதற்கு இடம் கொடுக்கும்படி வேண்டவே இம்மடலை எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அதிகாரபூர்வ மொழிகளுக்கு அப்பால், இந்நாட்டுச் சமூகங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் மொழிகளுக்கு மதிப்பை வளர்த்து உறுதி செய்ய வேண்டும் என்று தென்னாப்பிரிக்க மொழி வாரியத்துக்குக் கடமை விதிக்கிறது. அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட மொழிகளில் தமிழும் ஒன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கும் எங்கள் வரலாற்றில், ஆட்சியின் அடிப்படை ஆவணம் ஒன்றில் எங்கள் மொழி மதிப்புக்குரியதாகக் குறிக்கப்பட்டது சிறிய செய்தி அன்று. இம்மடலின் ஆங்கில வடிவம் உங்கள் செயலகத்துக்குத் தனியே வந்து சேரும். தமிழ் வடிவம், இந்த விவாதம் தங்களுக்கும் உரியது என்று எங்கள் மக்களும் அறிய வேண்டும் என்பதற்காக.

வாக்கு எண்ணிக்கையால் சட்டமன்றத்தை அசைக்க முடியாத சிறிய சமூகம் ஒன்றுக்கு, சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, சட்டம் எப்படி வாசிக்கப்படுகிறது என்பதே பல வேளைகளில் வாழ்வைத் தீர்மானித்திருக்கிறது. இதற்கு எங்களிடம் நூறாண்டைக் கடந்த சான்று இருக்கிறது. 1913 மார்ச்சில் கேப் மாகாணத்தில் நீதிபதி சியர்ல் ஒரு குடியேற்ற வழக்கைத் தீர்த்தார். இங்கே குடியிருக்கும் ஒருவரின் மனைவி நாட்டுக்குள் வரலாம் என்று சட்டம் சொன்னது. பலதார மணத்துக்கு இடம் தரும் சமயத்தின் முறைப்படி மணந்தவர் அந்தச் சட்டத்தின் நோக்கில் மனைவி ஆகமாட்டார் என்று அவர் பொருள் கொண்டார். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை, மாறியது வாசிப்பு. ஆனால் அந்த ஒரு வாசிப்பினால், கோயிலிலும் பள்ளிவாசலிலும் மணந்த பெண்கள் எல்லோருடைய மண உறவும் ஐயத்துக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு சத்தியாக்கிரகத்தில் பெண்கள் நேரடியாக இறங்கியதற்கு இதுவே பெரிய காரணம். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பெண்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர், எல்லை கடந்து நேட்டாலில் உள்ள நியூகாசிலின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சிறை சென்று திரும்பி 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை ஜோகன்னஸ்பர்க்கில் பிராம்ஃபான்டெய்னில் இருக்கிறது. நீங்கள் பரிந்துரைக்கும் நீதிபதிகள் அமரும் நீதிமன்றமும் அதே பிராம்ஃபான்டெய்னில், பழைய சிறை வளாகத்தில்தான் நிற்கிறது.

1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்தக் காயத்துக்கு ஒரு பகுதி மருந்தாயிற்று. ஆயினும் நீதிமன்றங்களின் வாசிப்பு நெடுங்காலம் மாறவில்லை. 1983ஆம் ஆண்டிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம், இஸ்லாமிய முறைத் திருமணத்திலிருந்து எழும் கோரிக்கைகளைப் பொது ஒழுக்கத்துக்கு முரணானவை என்று சொல்லித் தள்ளியது. யாருடைய ஒழுக்கம் பொது ஒழுக்கம் எனக் கொள்ளப்பட்டது என்ற கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை. 1999இல்தான், விபத்தில் கணவனை இழந்த இஸ்லாமியப் பெண் ஒருவர் வாழ்வாதார இழப்பீடு கேட்ட வழக்கில், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பொதுச் சட்டத்தை, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி உருவான சட்டத்தை, வளர்த்து அவருக்கு அந்த உரிமை உண்டு என்றது.

அடுத்து வந்த, அரசமைப்பு நீதிமன்றத்தின் 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஆணையத்தின் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்து யாருக்குச் சேரும் என்று சொல்லும் 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலும், உயிரோடிருக்கும் துணையின் பராமரிப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ‘வாழ்க்கைத்துணை’ என்ற சொல் வருகிறது. அது யாரைக் குறிக்கும் என்பதற்கு விளக்கம் இல்லை. ஒருதார மணமாக வாழ்ந்த இஸ்லாமிய விதவை அதில் அடங்குவாரா என்பதே கேள்வி. பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி ஆல்பி சாக்ஸ், அச்சொல்லின் இயல்பான பொருளிலேயே அவர் அடங்குகிறார் என்றார். அவரைச் சேர்த்து வாசிப்பது சொல்லை வளைப்பது அன்று, இத்தனை காலமும் அவரை விலக்கி வாசித்ததுதான் ஆதிக்கப் பண்பாடு சொல்லை வளைத்த செயல் என்றார். நீதிபதி டிக்காங் மொசெனெக்கே இதை ஏற்கவில்லை. நீண்டகாலச் சட்ட வரலாற்றில் அச்சொல்லுக்கு நிலைத்துவிட்ட குறுகிய பொருளை வாசிப்பினால் அகற்ற முடியாது. சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று வெளிப்படையாக அறிவித்து, விடுபட்டவர்களைச் சேர்க்கும் சொற்களை அதனுள் எழுதுவதே நேர்மையான வழி என்பது அவர் நிலை. இரண்டு வழியிலும் அந்த விதவைக்குக் கிடைப்பது ஒன்றுதான். வழிகள் வேறு. முதல் வழி, சொல் எப்போதும் எல்லோருக்கும் உரியதாகவே இருந்தது என்று சொல்கிறது. இரண்டாவது, சட்டம் தவறிழைத்தது, அதைத் திருத்துகிறோம் என்று சொல்கிறது. எனக்கு முதல் வழியே பிடிக்கிறது என்றாலும், இரண்டாவதன் வெளிப்படைத்தன்மையை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. விண்ணப்பதாரர் ஒருவரிடம் இந்த இரண்டு தீர்ப்புகளையும் முன்வைத்து, இவற்றில் உங்கள் வழி எது, ஏன் என்று கேட்டால், அவர் எத்தகைய நீதிபதியாக இருப்பார் என்பதை அரைமணி நேரத்தில் அறிந்துகொள்ளலாம்.

அந்தத் தீர்ப்பின் பயன் எங்கள் வீடுகளுக்கும் வந்தது. 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், பதிவு பெற்ற திருமண அலுவலர் ஒருவர் இந்தியச் சமய முறைப்படி மணம் செய்துவைக்க இடம் தருகிறது. ஆனால் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டொங்காட்டிலும் உள்ள குடும்பங்கள் அறிந்ததுபோல், கோயிலில் தாலி கட்டியதோடு திருமணம் முடிந்தது என்று இருந்துவிட்டவர்கள் பலர். மணம் செய்துவைத்த குருக்கள் பதிவு பெற்றவரா என்று யாரும் கேட்பதில்லை. அப்படி மணந்த ஒரு பெண்ணின் கணவர் உயிலின்றி இறந்தபோது, அவரும் வாழ்க்கைத்துணையே என்று டர்பன் உயர் நீதிமன்றம் பொருள் கொண்டது. 2009ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் அது வெளியாயிற்று. ஆனால் அதே டர்பனில், 2007ஆம் ஆண்டுத் திரட்டில் வந்த இன்னொரு தீர்ப்பில், பதியாத இந்துத் திருமணத்திலிருந்து மணமுறிவு கோரிய பெண்ணுக்கு அது மறுக்கப்பட்டது. ஆக, அத்தகைய திருமணத்தில் வாழும் பெண், கணவன் இறந்தால் சட்டத்தின் முன் மனைவி. உயிரோடிருக்கும்போது அவனிடமிருந்து விடுபட விரும்பினால் மனைவி அல்லள். இஸ்லாமியத் திருமணங்களைப் பொறுத்தவரை அரசமைப்பு நீதிமன்றம் 2022 ஜூனில் இந்தக் குறையைச் சட்டத்தின் குறை என்று அறிவித்து, திருத்தும் பொறுப்பை நாடாளுமன்றத்திடம் கொடுத்தது. எங்கே வாசிப்பு போதும், எங்கே வாசிப்பு நின்று நாடாளுமன்றத்தைப் பார்க்க வேண்டும் என்னும் எல்லை, பெண் ஒருத்தியின் வாழ்வில் இவ்வளவு கூர்மையாக விழுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். விரிந்த மனத்தோடு வாசியுங்கள் என்று கேட்பது, நீதிபதி தமக்குப் பிடித்ததைச் சட்டத்தில் ஏற்றிச் சொல்லட்டும் என்று கேட்பது ஆகாதா? ஆகாது; அப்படி ஆகிவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. புதிய நீதிமன்றம் தொடங்கிய 1995ஆம் ஆண்டிலேயே நீதிபதி சிட்னி கென்ட்ரிட்ஜ், சட்டம் இயற்றியவரின் சொற்களைப் புறக்கணித்துவிட்டு ‘மதிப்புகள்’ என்று பொதுவாக நாடினால், அது பொருள்கோள் ஆகாது, குறி சொல்வதாகிவிடும் என்று எச்சரித்தார். 2012இல் நேட்டால் நகராட்சி ஓய்வூதிய நிதி வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், சொல்லும் சூழலும் நோக்கமும் தொடக்கத்திலிருந்தே ஒருசேர எடைபோடப்பட வேண்டும் என்று சொன்ன அதே மூச்சில், தமக்கு அறிவுடையதாகப் படுவதை எழுதப்பட்ட சொல்லின் இடத்தில் வைத்துவிடும் ஆசைக்கு எதிராக நீதிபதிகள் விழிப்பாயிருக்க வேண்டும் என்றும் சொன்னது. நம் பழைய உரையாசிரியர்களும் இப்படித்தான் வேலை செய்தார்கள்: சொல் நிற்கும் இடம், முன்னும் பின்னும் வருவன, நூலின் கருத்து ஆகியவற்றைப் பார்த்துப் பொருள் சொன்னார்கள், பாடம் இடம் தராத பொருளை ஏற்றியவரை அடுத்து வந்த உரைகாரர் மறுத்தார். கட்டுப்பாடு உள்ள வாசிப்பே சிறுபான்மைக்கும் காப்பு. ஏனென்றால் இன்று எங்களுக்குச் சாதகமாகச் சொல்லை மீறும் நீதிபதி, நாளை எங்களுக்கு எதிராகவும் மீறலாம்.

நல்வாய்ப்பாக, நம் அரசமைப்பு இதை நீதிபதியின் மனப்போக்குக்கு விட்டுவிடவில்லை. வாசிக்கும் முறையையே 39ஆம் பிரிவு சட்டமாக்கியிருக்கிறது. உரிமைகள் சாசனத்துக்குப் பொருள் கொள்ளும்போது மனித மாண்பு, சமத்துவம், சுதந்திரம் ஆகியவற்றின் மீது நிற்கும் திறந்த மக்களாட்சியின் மதிப்புகளை வளர்க்க வேண்டும். பன்னாட்டுச் சட்டத்தைக் கருத்தில் கொண்டே ஆக வேண்டும். பிற நாட்டுச் சட்டத்தைக் கருத்தில் கொள்ளலாம். நாடாளுமன்றச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளும்போதும், பொதுச் சட்டத்தையும் வழக்காற்றுச் சட்டத்தையும் வளர்க்கும்போதும் சாசனத்தின் உள்ளக்கருத்தையும் நோக்கத்தையும் முன்னெடுக்க வேண்டும். ‘வேண்டும்’ எங்கே, ‘லாம்’ எங்கே என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். 1995 ஜூன் 6 அன்று வெளியான மரண தண்டனைத் தீர்ப்பில், இடைக்கால அரசமைப்பு அந்தத் தண்டனை பற்றி ஒன்றும் சொல்லாத நிலையில், இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பு உட்படப் பல நாட்டுத் தீர்ப்புகளை ஆராய்ந்து, அவற்றுக்குக் கட்டுப்படாமல், நம் ஆவணத்தின் சொற்களில் நின்றும், பலர் உபுண்டு என்னும் இம்மண்ணின் மனிதநேயக் கருத்தைத் துணைகொண்டும், பதினொரு நீதிபதிகளும் தனித்தனியே காரணம் எழுதினார்கள். பொதுமக்களின் கருத்து மரண தண்டனைக்குச் சார்பாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டே, அது விடையாகாது என்றார் நீதிமன்றத்தின் அன்றைய தலைவர் ஆர்தர் சஸ்கல்சன். வாக்கு வலிமை இல்லாதவர்கள் அந்தப் பத்தியை மறக்க இயலாது.

சட்டத்தின் மூலங்களில் எழுதப்படாத ஒன்றும் உண்டு; அதுதான் எனக்கு மிக நெருக்கமானது. 2007 அக்டோபர் 5 அன்று தலைமை நீதிபதி பயஸ் லாங்கா அளித்த மூக்குத்தித் தீர்ப்பை இங்கே தமிழ்க் குடும்பங்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கின்றன. டர்பனில் ஒரு பள்ளி மாணவி, பெண் பருவமடைந்ததும் மூக்குக் குத்தும் குடும்ப வழக்கப்படி மூக்குத்தி அணிந்திருந்தார். பள்ளியின் நடத்தை விதி அந்த அணிக்கு இடம் தரவில்லை. சமத்துவ நீதிமன்றத்தில் தோல்வி. பீட்டர்மேரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில் வெற்றி. பிறகு அரசமைப்பு நீதிமன்றம். அதற்குள் மாணவி படிப்பை முடித்திருந்தார். ஆயினும் கேள்வி பிற பிள்ளைகளுக்கும் உரியது என்பதால் நீதிமன்றம் அதைத் தீர்த்தது. மூக்குத்தி சமயத்தின் கட்டாயக் கடமை அன்று என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. கட்டாயமில்லையென்றால் பள்ளி நேரத்தில் கழற்றி வைக்கலாமே என்பது பள்ளியின் வாதம்.

வேறொரு நீதிபதி இந்த இடத்தில் நூலைத் தேடியிருப்பார். எந்த ஆகமத்தில், எந்தச் சாத்திரத்தில் மூக்குத்தி விதிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு, விடை இல்லாததால் வழக்கைத் தள்ளியிருப்பார். லாங்கா அப்படிச் செய்யவில்லை. தாமாக விரும்பிக் கைக்கொள்ளும் பழக்கமும், ஒருவரின் தன்னடையாளத்துக்கு மையமாக இருந்தால், கட்டாயக் கடமையைப் போலவே காப்புக்குரியது என்றார். தென்னிந்தியர், தமிழர், இந்து என்ற அடையாளங்கள் சமயம், மொழி, பூர்வீகம், கலைமரபு எல்லாம் பின்னிக் கிடப்பவை என்பதைத் தீர்ப்பு உணர்ந்திருந்தது. கிர்ப்பான் என்னும் சமயக் குறுவாள் அணிந்த சீக்கிய மாணவன் பற்றிய கனடா நாட்டுத் தீர்ப்பைத் துணைக்கு எடுத்துக்கொண்டது. எல்லோரும் வரிசையில் நின்று சலுகை கேட்பார்களே என்ற அச்சத்துக்கு, பண்பாடுகள் பள்ளியில் வெளிப்படுவது அஞ்சத்தக்க அணிவகுப்பு அன்று, பள்ளியையும் நாட்டையும் வளப்படுத்தும் பன்மையின் திருவிழா என்று விடை தந்தது. நீதிபதி கேட் ஓ'ரீகன் ஒரு பகுதியில் வேறுபட்டார்: சமயமும் பண்பாடும் ஒரே அளவுகோலுக்கு உரியவை அல்ல, பண்பாடு ஒருவரின் தனி நம்பிக்கையாக மட்டும் நிற்காமல் ஒரு குழுவின் வாழ்வோடு சேர்ந்தது என்றார். அந்த வேறுபாடும் மதிக்கத்தக்கதே. எங்கள் பாட்டிமார் மூக்குக் குத்தியது சமயத்தினாலா வழக்கத்தினாலா என்று கேட்டால், பிரித்துச் சொல்ல அவர்களால் இயன்றிருக்காது என்பதால் நான் லாங்காவின் பக்கம் சாய்கிறேன்.

வழக்காறு எங்கே இருக்கிறது, பழைய நூலிலா, வாழும் மக்களிடமா என்ற இந்தக் கேள்வி தமிழருக்கு மட்டும் உரியதும் அன்று. ஆப்பிரிக்க வழக்காற்றுச் சட்டத்தை 19ஆம் நூற்றாண்டில் நேட்டால் ஆட்சியாளர் தொகுத்து எழுதியபோது, அசைந்துகொண்டிருந்த ஒன்று அசையாமல் உறைந்துபோயிற்று. 2004இல் மூத்த ஆணுக்கே சொத்து என்னும் விதி நீக்கப்பட்டபோது, அதை முற்றாக நீக்குவதா, வழக்காற்றை உள்ளிருந்தே வளர்ப்பதா என்று லாங்காவும் சாண்டிலே என்கோபோவும் வேறுபட்டார்கள். 2008இல், பெண்ணைத் தலைவராக ஏற்ற ஒரு சமூகத்தின் முடிவை, வழக்காறு தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் உரிமையின் வெளிப்பாடு என நீதிமன்றம் ஏற்றது. வழக்காறு மக்களிடம் வாழ்கிறது என்றால், நீதிபதி யாரிடம் கேட்டு அதை அறிவார்? அர்ச்சகரிடமா, சங்கத் தலைவரிடமா, வழக்காடும் பெண்ணிடமேயா? எங்கள் சமூகத்திலும் மூத்த ஆண்கள் சொல்வதே மரபு என்று கருதும் போக்கு உண்டு என்பதால், இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. இனி வரும் நேர்காணல்களுக்கு முன்னதாக ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும், தாம் எழுதியவற்றுள், சட்டத்தின் சொல் தாம் விரும்பிய முடிவுக்கு இடம் தராத ஒரு தீர்ப்பை எடுத்துத் தரச் சொல்லுங்கள். அங்கே அவர் என்ன செய்தார் என்று பொதுமக்கள் முன் விளக்கச் சொல்லுங்கள். எழுதப்படாத வழக்கம் ஒன்றை அவர் எந்தச் சான்றின் மேல் ஏற்பார் என்று கேளுங்கள். 6ஆம் பிரிவில் பெயர் குறிக்கப்பட்ட மொழிகளுக்கு ‘மதிப்பை உறுதி செய்ய வேண்டும்’ என்ற சொற்கள் ஒரு கடமையை விதிக்கின்றனவா, அக்கடமையை நீதிமன்றம் எப்படி அளக்கும் என்று கேளுங்கள்.

நாளை தம் முன் வரக்கூடிய வழக்கில் இன்றே முடிவு சொல்ல முடியாது என்று அவர்கள் தயங்குவார்கள். முடிவைக் கேட்கவில்லை, முறையைக் கேட்கிறோம் என்று சொல்லுங்கள். முறையைச் சொல்வதால் எந்த வழக்காளியின் உரிமையும் கெடாது. 2021 ஏப்ரலில் அரசமைப்பு நீதிமன்றத்துக்காக நடந்த நேர்காணல்கள், கேள்விகள் கட்சி அரசியலின் பக்கம் திரும்பின என்ற குறைபாட்டினால் வழக்காகி, அவ்வாண்டு அக்டோபரில் மீண்டும் நடத்தப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். பொருள்கோள் பற்றிய கேள்விகள் அந்தப் பழிக்கு இடம் தராதவை. எந்தக் கட்சியைச் சேர்ந்த உறுப்பினரும் அவற்றைக் கேட்கலாம், எந்தப் பின்னணியிலிருந்து வந்த விண்ணப்பதாரரும் விடை சொல்லலாம்.

விண்ணப்பதாரர்கள் பற்றிப் பொதுமக்களின் கருத்துகளை நீங்கள் அழைக்கும்போது, அவர்கள் எடுத்துத் தந்த தீர்ப்பையும் உடன் வெளியிட்டால், நாங்களும் படித்துவிட்டு எழுதுவோம்.

இங்ஙனம்,
சாட்ஸ்வொர்த்தில் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்